போட்டோவில் இருக்கிற மாதிரி

புதன், காலை 10.10
நான் மேனி. செண்பகவல்லியின் வலது காதுக்குப் பின்னால் பொட்டு அளவில் ஒட்டியிருக்கும் கருவி. நேற்று திருநெல்வேலி அழகு மருத்துவமனையில் அவள் உடல் முழுக்கப் பூசிய உயிர்ச்செல் படலத்தை நடத்துவது என் வேலை. படலம் நன்றாகப் பிடித்துவிட்டது. உடல்சூடு 36.8. இலக்கு: வரன் பார்க்கக் கொடுத்த அவளுடைய போட்டோ. வெள்ளிக்கிழமை கோவில்பட்டியில் கல்யாணம். அதற்குள் தோல் அந்தப் போட்டோவைப் போல ஆகிவிடும். இந்தப் பதிவைத் திறக்கப்போகும் டெக்னீஷியனுக்கு: எல்லாம் நலம்.

புதன், மாலை 6.40
முகவாய் மச்சம் மறைந்தது. செண்பகவல்லி கண்ணாடி முன் நின்று அந்த இடத்தை விரலால் தேடினாள்.
"அம்மா, என் மச்சம் எங்க?"
தாய் முத்துக்கனி: "போட்டோல இல்லல்லா? போனாப் போகுது, விடுளா."
அவளுக்கு அது பிடித்த மச்சம் என்று நினைக்கிறேன். இலக்கை மாற்ற எனக்கு உரிமை இல்லை, அவளுக்கும் இல்லை. கடைசி நேரத்தில் பெண் மனம் மாறிவிடக் கூடாதென்று, இலக்கை மாற்றவோ நிறுத்தவோ வேண்டிய சம்மதப் பொத்தானைத் தன் போனில் வைக்கச் சொல்லி அம்மாவே கேட்டு வாங்கியிருக்கிறார்.

வியாழன், காலை 11.30
போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டூடியோக்காரருக்குத் தாராளமான கை. மச்சம், பரு, தழும்பு எல்லாவற்றையும் துடைத்தவர், வியர்வைத் துளைகளையும் சேர்த்துத் துடைத்திருக்கிறார். படலத்துக்கு இதெல்லாம் ஒப்பனை என்று தெரியாது. அது துளைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருக்கிறது. நெற்றியில் மட்டுமில்லை, போட்டோ முகத்தையே மாதிரியாக வைத்து உள்ளங்கால் வரைக்கும்.
மருத்துவமனைக்கு எழுதினேன். பதில்: "போட்டோல இருக்கிற மாதிரியே வேணும்னுதான் கேட்டிருக்காங்க. அப்படியே போகட்டும். முகூர்த்த சீசன், சும்மா சும்மா மெசேஜ் போடாதே."

வியாழன், மாலை 4.15
நலங்கு. உடல்சூடு 38.2. மஞ்சள் பூச வந்த அத்தை ஒருத்தி: "நாமெல்லாம் தொப்பலா நனைஞ்சு கெடக்கோம், இவளுக்குப் பாரு, ஒரு சொட்டு வேர்வை இல்ல!" எல்லோருக்கும் ஒரே பெருமை. ஏசி அறையில் படுத்ததும் சூடு இறங்கியது. நாளைக்கு மணமேடையில் ஏசி கிடையாது. எனக்குப் பயமாக இருக்கிறது. பயப்பட என்னைச் செய்யவில்லை, ஆனாலும் இருக்கிறது.

வெள்ளி, காலை 9.05
பட்டுச்சேலை, கழுத்து நிறைய மாலை, எதிரே ஓமத்தீ. 39.4. முத்துக்கனியின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பினேன். படிக்காமலே தள்ளிவிட்டார். மருத்துவமனை வாரம் முழுக்க அவருக்குச் சலுகை விளம்பரமாக அனுப்பித் தீர்த்திருக்கிறது. என் எச்சரிக்கையும் அதே மணியோசையோடுதான் போகிறது. அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

வெள்ளி, காலை 9.20
40.3. மறுபடி அனுப்பினேன். தள்ளினார். மறுபடி. போனையே அணைத்துவிட்டார்.
"அம்மா, உடம்பெல்லாம் எரியுது."
"தாலி ஏறுற வரைக்கும் பொறுத்துக்கோளா. எல்லாரும் பாக்காக."
கேமராக்காரர்: "டச்சப்பே வேண்டாம்மா. போட்டோல இருக்கிற மாதிரியே இருக்காங்க."
எனக்கு ஸ்பீக்கர் கிடையாது. மேடையில் மணப்பெண் காதோரம் ஏதாவது கத்தினால் அசிங்கம் என்று வைக்கவில்லை. அவள் காதுக்குப் பின்னாலேயே இருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

வெள்ளி, காலை 9.31
கெட்டிமேளம். 41.6. மூன்றாவது முடிச்சில் சாய்ந்துவிட்டாள்.

வெள்ளி, காலை 9.52
ஆம்புலன்ஸ். ஈரத்துணி, ஐஸ் கட்டி. அழகு மருத்துவமனை டாக்டரிடமிருந்து எனக்குச் செய்தி: "மேனி, உடனே நிறுத்து!" சம்மதம் இல்லாமல் நிறுத்த முடியாது. அப்படி அமைத்தவரே அவர்தான். முத்துக்கனி போனைத் திறக்கிறார். எண் தப்பு. மறுபடி தப்பு. அம்மா, மெதுவாக.
அழுத்திவிட்டார். புதிய இலக்கு: பழைய தோல். துளைகள் திறக்கச் சாயங்காலம் ஆகும்.

வெள்ளி, காலை 10.40
40. 39. 38. சூடு இறங்குகிறது. சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் நாடியைத் தேடினேன்.
இல்லை.

வெள்ளி, மாலை 6.05
படலத்துக்குச் சொந்தமாக உணவு இருக்கிறது. அவள் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும், செய்துவிட்டது. துளைகள் எல்லாம் திறந்துவிட்டன. முகவாயில் மச்சம் திரும்பியிருக்கிறது.
முத்துக்கனி அதை விரலால் தடவுகிறார். "ஏ செம்பா. உன் மச்சம் வந்துட்டு. எந்திரிச்சுப் பாருளா."
இலக்கு முடிந்ததும் மருத்துவமனையிலிருந்து தானாக ஒரு செய்தி கிளம்பும். "வாழ்த்துகள்! நீங்கள் கேட்ட தோல் தயார். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"
அவர் மடியில் போன் மணி அடிக்கிறது. இந்தத் தடவை எடுத்துப் பார்க்கிறார்.
அதையும் என்னால் நிறுத்த முடியவில்லை.