ஆறு முடியும் இடம்

மச்சாள்,

நேற்றுத்தான் திருகோணமலையிலிருந்து வந்தோம். காலையில் செருப்பைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அடியில் காய்ந்திருந்த சேறு நனைந்ததும் ஒரு மணம் எழுந்தது, பாதி கடல், பாதி அழுகிய இலை. கழுவாமல் அப்படியே நின்றேன். எனக்குக் கோபம்தான் வந்தது. உம்மோடு போகவேண்டிய இடத்துக்கு என் மனிசனான உம்முடைய அண்ணையோடு போய் வந்திருக்கிறேன். அவர் வாடகை வானை விட்டு இறங்கவே இல்லை.

சண்டிலிப்பாயில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்ட உமக்கு ஆறு என்றால் வழுக்கையாறுதான். மாரியில் ஓடும், பங்குனியில் அதற்குள் மாடு மேயும். மற்றபடி கிணறும் இறைப்பும், புகையிலைக் கன்றுக்கு அளந்து விடும் தண்ணீரும். சண்டை ஓய்ந்து பாதை திறந்தபின் கோயில்காரர் கதிர்காமத்துக்கு பஸ் விட்டபோது நான் மானிப்பாயில் ஏறி உமக்குப் பக்கத்தில் இருந்தேன். நாடு பார்க்கப் போகிறோம் என்று எனக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோசம்!

பேராதனைப் பூங்காவில் எல்லோரும் பூப் பார்க்கப் போக, நீர் மட்டும் ஆற்றங்கரையில் நின்றுவிட்டீர். மகாவலி கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. சருகு கூட்டிய மலையகப் பெண்ணிடம் கேட்டீர்:

"இது எப்ப பிள்ளை வத்தும்?"

"வத்தாதுங்க. வருசம் பூரா ஓடும்."

"ஓடி?"

"திருகோணமலைப் பக்கம் கடல்ல போய் விழுதாம்."

"கடலுக்கோ? சும்மாவோ?"

அவள் சிரித்தாள். நீர் சிரிக்கவில்லை. யாரோ உம்முடைய காணியைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது முகம். பஸ்காரன் ஹோர்ன் அடித்துக் களைத்தபிறகு நான்தான் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

அதோடு பயணம் பாழ். றம்பொடை அருவியில் சனம் வாயைப் பிளந்து நிற்க, நீர் என் காதுக்குள், "உதிலை ஒரு வாய்க்கால் எங்கடை பக்கம் வெட்டிவிட்டால் என்ன குறைஞ்சு போகும்?" என்றீர். நுவரெலியாவில் தேயிலை மலை மேல் முகில் இறங்கியது. அப்படி ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. "பாரும், முகிலும் இஞ்சைதான் தங்குது" என்று அதையும் கெடுத்தீர். மாணிக்க கங்கையில் முழுகும்போதும் புறுபுறுப்பு. "கோயிலுக்கு வந்த இடத்திலையாவது வாயை மூடும்!" என்று கத்திவிட்டேன். நீர் ஒன்றும் நடக்காததுபோலத் தலையைத் துவட்டினீர்.

"அந்த ஆறு முடியிற இடத்தைப் போய்ப் பாக்கவேணும், மச்சாள். வாறீரோ?"

"ஓம்" என்றேன்.

முதலில் தோட்டத்தில் விளைந்த வெங்காயம் கிண்டி எடுக்க இருந்தது. பிறகு மகளின் பிள்ளைப்பேறு. பிறகு கொரோனா வந்து நாடே வீட்டுக்குள் முடங்கியது. அது முடிய டீசல் வரிசை. கேட்கும்போதெல்லாம் "தை கழியட்டும்" என்பீர். எத்தனை தை கழிந்தது!

இந்தத் தையில் ஒரு காலை, இறைப்பு மிஷினைப் போட்டுவிட்டு வரம்பில் குந்தினீர், பிறகு எழும்பவேயில்லை. பாத்தி நிரம்பி, வழிந்து, பக்கத்துக் காணிக்குள் தண்ணீர் போனபிறகுதான் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு சொட்டும் வீணாக விடாத மனிசி நீர். அதை நினைத்தால் அழுகைக்கு முதல் ஆத்திரம்தான் வருகிறது எனக்கு.

மூதூர் வீதியில் கங்கைப் பாலம் தாண்டிக் கேட்டுக் கேட்டுப் போனோம். பெரிய இரைச்சலோடு விழும் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமில்லை, மச்சாள். கலங்கல் தண்ணீர் அகலமாக, சத்தமில்லாமல் கிடந்தது. கரையில் உப்புச் சேற்றுக்குள் வேர் விட்டு நிற்கும் கண்டல் மரங்கள். "உதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீர்?" என்றார் உம்முடைய அண்ணை, வானுக்குள் இருந்தபடியே. வலை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஆறு சரியாக எங்கே முடிகிறது என்று கேட்டேன்.

"அது ஒவ்வொரு நாளும் மாறும்மா. வாயில வெச்சுப் பாருங்க."

ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். கடல் உப்பும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. இப்போதெல்லாம் கோடையில் உங்கள் தோட்டக் கிணறு ருசிக்கிற அதே ருசி.

"இவ்வளவு தண்ணியும் சும்மாதானே கடலுக்குப் போகுது" என்றேன், உமக்காக.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மாவா? இந்தத் தண்ணி வந்தாத்தான் றால் வரும். வராட்டி நாங்க எப்படிச் சீவிக்கிற?"

உம்முடைய கேள்விக்கு மறுமொழி கிடைத்துவிட்டது. அதைக் கேட்க நீர் இல்லை. இதை நான் யாரிடம் கொண்டுபோய்ச் சொல்ல?

வவுனியா வரைக்கும் உம்மோடு மல்லுக்கட்டிக்கொண்டே வந்தேன். நீர் லேசில் விடுகிற ஆளா? "றாலுக்கு இவ்வளவு தண்ணி வேணுமோ?" என்பீர். "அவையளும் சீவிக்கவேணுமெல்லோ" என்பேன். "அப்ப நாங்கள்?" என்பீர். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

முன் சீற்றிலிருந்து உம்முடைய அண்ணை திரும்பினார். "ஆரோடை கதைக்கிறீர்?"

"உங்கடை தங்கச்சியோடை."

அவர் மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டார். காடு கழிந்து வயல் வந்தது. பிறகு, திரும்பாமலே கேட்டார்:

"என்னவாம்?"

"அப்ப நாங்கள் எண்டு கேக்கிறா" என்றேன்.