மலாக்கா கடலில் மூன்று முழுக்கு

செல்லம்மாவின் அப்பாவுக்கு,

என் பிரியத்துக்கெல்லாம் உரியவரே, என் சந்தேகத்துக்கெல்லாமும் உரியவரே, உங்கள் வேலுத்தாய் எழுதுகிறேன். செல்லம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுத்துக் கற்றேன். "யாருக்குக் கடுதாசி போடப்போற?" என்று அப்போது கேலி செய்தீர்கள். உங்களுக்குத்தான்.

முதலில் ஊர்ச் சேதி. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று நம் ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பழனிசெட்டிபட்டியில் ஏலக்காய்க் கடையை உங்கள் தம்பி பார்த்துக்கொள்கிறார். செல்லம்மாவுக்கு வருகிற தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கெங்குவார்பட்டி. தோப்பும் கிணறும் உள்ள குடும்பம், பையன் அதிகம் பேசமாட்டான். அதிகம் பேசாத ஆம்பளையைக் கண்டால் எனக்கு இன்னமும் பயம். அது உங்களால் வந்த பயம்.

நாம் போன மலாயாப் பயணத்தைப் பற்றி உங்களிடம் பேசவேண்டியிருக்கிறது.

நம் பக்கத்திலிருந்து கடல் கடந்தவர்கள் ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனார்கள், இல்லாவிட்டால் வியாபாரத்துக்குப் போனார்கள். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிப் பார்க்கப் போனவர் நீங்கள் ஒருவர்தான். "பினாங்கு, கோலாலம்பூர், மலாக்கா, சிங்கப்பூருன்னு சும்மா சுத்திட்டு வருவோம் புள்ள" என்றீர்கள். அந்தச் 'சும்மா'வை நான் அன்றைக்கே நம்பவில்லை. ஏலக்காய்க் குவியலில் விதையில்லாத ஒரு பொட்டுக் காயையும் பொறுக்கி எறியாமல் விடாத மனிதர் எதையாவது சும்மா செய்வாரா?

போதாததற்கு உங்கள் தங்கை மாரியம்மா வேறு. "மதினி, அண்ணன் சொல்றத நம்பாதீக. அங்கன ஒருத்தியும் பிள்ளகுட்டியும் இருக்கும். உங்களக் கூட்டிட்டுப் போயி, பக்குவமாச் சொல்லி ஒத்துக்கிற வைக்கத்தான் இம்புட்டுச் செலவு" என்று காதைக் கடித்தாள். நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போதே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் ஏறினேன்.

அந்தக் கரையில் எனக்கும் ஒருவர் இருந்தார், என் அண்ணன் சுருளியாண்டி. அப்பனும் ஆத்தாளும் போனபிறகு வடுகபட்டியில் என்னைத் தூக்கி வளர்த்தவர். என்னை உங்கள் கையில் பிடித்துக்கொடுத்த கையோடு தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணியின் பின்னால் மலாயாவுக்குப் போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. "போற இடத்துல அண்ணனத் தேடுவமா?" என்று கப்பலில் கேட்டேன். "அம்புட்டுப் பெரிய சீமையில எங்கனன்னு போயித் தேட?" என்று முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அந்தப் பேச்சில் என் சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

பினாங்கில் மலைமேல் ஏறுகிற ரயிலில் கூட்டிப்போனீர்கள். மேகமலையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது பெரிய மலையாகத் தெரியவில்லை. கடற்கரையில் இளநீர் வாங்கிக் கொடுத்தீர்கள், ரிக்ஷாவில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டீர்கள். ஊரில் நாலு அடி முன்னால் நடக்கிற மனிதருக்கு இங்கே வந்து என்ன இத்தனை பிரியம் என்று யோசித்தேன். சாயங்காலம் ஆனால் விடுதிக்காரம்மாவிடம் என்னை விட்டுவிட்டு, "ஏலக்கா ஏஜெண்டப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று கிளம்பிவிடுவீர்கள். திரும்பும்போது செருப்பில் செம்மண் ஒட்டியிருக்கும். உங்கள் சட்டையை மோந்து பார்த்தேன். பூ வாசமும் இல்லை, பவுடர் வாசமும் இல்லை. ரப்பர்ப் பால் புளித்த நாற்றம்தான் அடித்தது. சரி, அந்த ஒருத்தி தோட்டத்தில் பால் எடுக்கிறவள் என்று முடிவு கட்டினேன். 

கோலாலம்பூரில் ஒருநாள் விடிந்ததும் போனவர் பொழுது சாயத்தான் வந்தீர்கள். தட்டில் கை வைக்கவில்லை. என்னவென்று கேட்டதற்கு வெயில் என்றீர்கள். மறுநாள் மலாக்கா போய் இறங்கியதும் நேரே கடலுக்குக் கூட்டிப்போனீர்கள்.

"முங்கு புள்ள."

"சேலையோடவா? ஆளுக பாக்குறாக."

"பாக்கட்டும். கடலத் தேடி வந்துட்டு தலை நனையாமப் போறதா? மூணு முழுக்குப் போடு."

என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் முங்கினீர்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, சிரிப்பும் வந்தது. நீங்களும் சிரித்தீர்கள். அன்று சாப்பாட்டுக் கடையில் மட்டும் மீன் வேண்டாம் என்றுவிட்டீர்கள். மலாக்காவுக்கு வந்து மீன் வேண்டாம் என்கிறாரே, எவளுக்கு என்ன சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்தாரோ என்று வெறும் ரசச்சோற்றைப் பிசைந்தபடி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் என்னை ரிக்ஷாவில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனீர்கள். நீலக் காகிதத்தில் சுற்றிய இரண்டு பொட்டலத்தோடு வந்தீர்கள். "ஏஜெண்டு வீட்டுக்கு" என்றீர்கள். கப்பலில் நீங்கள் தூங்கும்போது ஒன்றை ஓரமாகக் கிழித்துப் பார்த்தேன். சீனாப்பட்டு, அரக்குச் சிவப்பு. ஊர் வந்தபிறகு அந்தப் பொட்டலங்கள் என் கண்ணில் படவே இல்லை. எந்தப் பெண்ணாவது அரக்குச் சிவப்பு கட்டிக்கொண்டு நம் கடைப்பக்கம் வந்தால் அவள் முகத்தை உற்றுப் பார்ப்பேன். இது உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ.

செல்லம்மா பெரியவளானபோது தாய்மாமன் சீருக்கு ஆளில்லையே என்று நான் அடுப்படியில் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் பட்டுச்சேலையோடு வந்து நின்றீர்கள். "ஒங்க அண்ணன் இருக்குற இடம் தெரிஞ்சுபோச்சு புள்ள. லீவு இல்லையாம், சீரு மட்டும் அனுப்பிச்சிருக்காக" என்றீர்கள். மஞ்சள் நிறப் பட்டு. அரக்குச் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு மஞ்சளின் மேல் சந்தேகம் எப்படி வரும்? ஊரெல்லாம் காட்டினேன். என் பிறந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று மாரியம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

பிறகு நீங்கள் கண்ணை மூடினீர்கள். அப்போது யுத்தம் மலாயாவுக்குப் போயிருக்கவில்லை. தந்தி, தபால் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. புருஷன் போனால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வரவேண்டும், உடன்பிறந்தவன்தான் கொண்டுவந்து போடவேண்டும். "அண்ணனுக்குத் தந்தி அடிச்சாச்சா?" என்று உங்கள் தம்பியிடம் கேட்டேன். அவர் பந்தலுக்கு ஆள் பார்க்கவேண்டும் என்று வெளியே போய்விட்டார். கடைசியில் வடுகபட்டிப் பங்காளி ஒருவர்தான் கோடி போட்டார். சடங்குக்குச் சீர் அனுப்பிய அண்ணன் இதற்கு ஏன் அனுப்பவில்லை? அன்று உங்களுக்கு அழுததில் பாதி அந்தக் கோபத்தில் அழுதது.

போன மாதம் கல்யாணத்துக்காக உங்கள் கடைப் பெட்டியைத் திறந்தேன். ஏலக்காய்ச் சாக்குக்கு அடியில் நீலக் காகிதப் பொட்டலம், நான் கிழித்த ஓரத்தோடு இருந்தது. உங்கள் தம்பியைக் கூப்பிட்டு அதை அவர் முன்னால் போட்டேன்.

"இது யாருக்கு வாங்குனது?"

"செல்லம்மா கல்யாணத்துக்கு, மதினி. சடங்குக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணுன்னு மாமன் சீராத்தான் அண்ணன் வாங்குனாக."

"அப்ப எங்க அண்ணன்?"

"நீங்க மலாயாவுக்குப் போறதுக்கு முந்தியே காய்ச்சல்ல தவறிட்டாக. கெட்ட சேதியா இருந்துருமோன்னு ஒங்களுக்குத் தெரியாம அண்ணன் தோட்டந்தோட்டமாத் தேடிப்போயி, கோலாலம்பூருகிட்டத்தான் வெவரம் தெரிஞ்சிருக்கு. ஒங்களுக்குப் பிறந்த வீடு இல்லன்னு ஆகக்கூடாதுன்னு எங்க யாரையும் வாயத் தொறக்க விடல."

மலாக்காவில் போட்ட அந்த மூன்று முழுக்கு எழவுக் குளி, மீனை ஒதுக்கியது எழவுத் தீட்டு. என் அண்ணனுக்கான எழவுக் குளியை எனக்குத் தெரியாமலே என்னைக் குளிக்கவைத்தீர்கள். அந்தத் தண்ணீரில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அன்று உங்கள் முகத்தில் வழிந்தது முழுக்கக் கடல் தண்ணீர்தானா?

உங்களை நினைத்தால் நெஞ்சு விம்முகிறது, கோபமும் ஆறவில்லை. இல்லாத ஒருத்தியை நான் தேடினேன், இல்லாத அண்ணனை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். என் அண்ணனுக்காக அழ எனக்குப் பாத்தியதை இல்லையா? இன்னும் எதையெல்லாம் ஒளித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறீர்களோ, யார் கண்டது. பெட்டியை இன்னொரு தடவை அடிவரை பார்க்கத்தான் போகிறேன்.

யுத்தத்தால் மாமன் சீர் வராது என்று ஊரே எனக்கு ஆறுதல் சொல்கிறது. சீர் வரும். நாளைக்கு முல்லையாற்றில் இறங்கி, தெரிந்தே, வாய்விட்டு அழுதே, அண்ணனுக்கு மூன்று முழுக்குப் போடுவேன். தையில் அந்த அரக்குப் பட்டைத் தட்டில் வைத்துப் பந்தலுக்குள் நானே எடுத்துவருவேன். தாலி இழந்தவள் சீர்த்தட்டைத் தொடலாமா என்று மாரியம்மா முதல் ஆளாகக் கேட்பாள். மாமன் வீட்டில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான், அதனால் நான் எடுக்கிறேன் என்று சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
சுருளியாண்டியின் தங்கை,
உங்கள் மனைவி வேலுத்தாய்