நான்காம் கூண்டும் ஐந்தாம் கூண்டும்

மார்ச் 4, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கிறது. என் பாக்டீரியாவைக் கொடுத்த சுண்டெலிகளின் ஈரலில் கொழுப்பு குறைந்திருக்கிறது. கொடுக்காதவற்றின் ஈரலிலும் அதே அளவு குறைந்திருக்கிறது! அப்புறம் அது என் பாக்டீரியா செய்த வேலை என்று எப்படிச் சொல்வது?

ஆறு வருடம். ஈரல் சுரக்கும் பித்த அமிலத்தைக் குடலில் இந்தப் பாக்டீரியா கொஞ்சம் மாற்றுகிறது. மாறிய அமிலம் ஈரலுக்குத் திரும்பிப் போய், ‘போதும், கொழுப்பைச் சேர்க்காதே’ என்கிறது. நான் சொல்வது இவ்வளவுதான். ஆய்வகத்தின் இயக்குநர் தாளைப் புரட்டக்கூட இல்லை. “தீனி மாத்தினதுல சரியாப் போயிருக்கும்மா. இந்த மாசத்தோட மூடிடலாம்.”

மூடுவதற்கு இதென்ன பெட்டிக்கடையா?

மார்ச் 5

சாப்பிடப் பிடிக்கவில்லை. “எலிக்காக விரதமா?” என்கிறார் கணவர்.

மார்ச் 7

கொடுக்காத எலிகளின் பித்தத்தைச் சோதித்தேன். மாறிய அமிலம் அதிலும் இருக்கிறது. ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காத எலிக்கு எங்கிருந்து வந்தது?

எலி அறைக்கு ஓடினேன். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் – இருபது வருடமாக இங்கேயே இருப்பவர் – சாதாரணமாகச் சொல்கிறார்: “மருந்து குடுத்த நாலாம் கூண்டும் குடுக்காத அஞ்சாம் கூண்டும் ரெண்டாவது வாரத்துலேர்ந்து ஒண்ணாத்தானே மேடம் இருந்துச்சு. காதுல நம்பர் இருக்கே, மாறிடாது.”

காதில் நம்பர்! எலி, கூட இருக்கும் எலியின் புழுக்கையைத் தின்னும். ஒன்றின் குடலில் இருப்பது சீக்கிரமே எல்லாவற்றுக்கும் போய்விடும். இந்த வேலையில் அது அரிச்சுவடி. நான் பத்து எலிக்குக் கொடுத்ததை அவை இருபதுக்கும் பந்தி வைத்துவிட்டன.

“யாரு சேர்க்கச் சொன்னது?” என்று கத்தினேன்.

“நீங்கதான் மேடம்.”

என்ன நெஞ்சழுத்தம்! புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 10

இயக்குநர் கூப்பிட்டார். குரலில் தேன். “அனுமதி இல்லாம அவரே சேர்த்துட்டார்னு அறிக்கை வந்தா போதும். சோதனையை மறுபடி செய்ய உங்களுக்கே ஒரு வருஷம் வாங்கித் தரேன். அவரை அனுப்பிடலாம்.”

நல்லது என்றேன்.

மார்ச் 11

அறிக்கைக்காக எலி அறைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். ‘நவம்பர் 14. கூண்டு அலமாரி பழுது. மேடம் போனில் சொன்னபடி கூண்டு 4, 5 சேர்க்கப்பட்டன.’ கீழே என் கையெழுத்து.

அன்றைக்கு அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது போன் வந்தது. கூண்டு அண்ணன் ஏதோ கேட்டார், “சரி சரி, செய்யுங்க” என்று வைத்துவிட்டேன். வாரக் கடைசியில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எப்போதும் அப்படித்தானே போடுகிறேன்?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் நோவதோடு நிற்கவில்லை, அம்பை முறித்துப்போடப் புகார் வேறு எழுதியிருக்கிறேன். ச்சீ.

மார்ச் 12

இயக்குநரிடம் பக்கத்தைக் காட்டினேன். பதிவேட்டை மூடி என் பக்கமே தள்ளினார். “இது வெளியே வந்தா உங்க அஜாக்கிரதைன்னு ஆகும். ஆராய்ச்சி கையை விட்டுப் போயிடும். அந்தாள் வேற எங்கயாவது பிழைச்சுக்குவார். யோசிங்க.”

யோசிக்கணுமாம்! ஒரு மனுஷன் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டு நான் ஊரார் ஈரலைக் காப்பாத்தணுமா? கேட்க அவருக்குக் கூசவில்லை. திங்கட்கிழமை ‘நல்லது’ என்று தலையாட்டிய எனக்கும்தான் கூசவில்லை.

மார்ச் 13

தவறு என்னுடையது என்று எழுதி, அந்தப் பக்கத்தின் நகலையும் இணைத்துக் கொடுத்தேன். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மேடம்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஏப்ரல் 2

ஆராய்ச்சியைப் பக்கத்து அறைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். புது எலிகள், தனித்தனிக் கூண்டு, என் பாக்டீரியா. “வாழ்த்த மாட்டீங்களா?” என்று வந்து நிற்கிறார் மனுஷன். வயிறு எரிகிறது. எனக்கு இனி மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் வேலையாம்.

அக்டோபர் 16

வகுப்பு நடுவே போன். கூண்டு அண்ணன். ஏழு மாதத்தில் முதல் தடவை.

“மேடம், இன்னைக்கு எலிங்களை அறுத்துப் பார்த்தாங்க. நம்ம பாக்டீரியா குடுத்ததுக்கெல்லாம் ஈரல் நல்ல சிவப்பா இருக்கு. குடுக்காததுக்கு வெளுத்துப் போயி கொழகொழன்னு கிடக்கு. அவங்க உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, அதான்.”

கட்டுரையில் என் பெயர் இருக்காது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வகுப்பை விட்டு வெளியே வந்து, “அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றேன்.