தொட்டியில் மிஞ்சிய இறால்கள்

என் அன்பின் மங்கை,

கோப்பாயில் இந்த முறை வெயில் பொல்லாதது. சூட்டில் இறாலின் உடம்பு என்னாகும் என்ற ஆராய்ச்சிக்கென்று நீர் வளர்த்த நன்னீர் இறால்கள் பின்வளவில் இன்னும் இருக்கின்றன. ஒரு தொட்டி நிழலில், மற்றது வெயிலில், நீர் வைத்துவிட்டுப் போனபடியே. தீன் போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் இப்போது நான்தான்.

போன கிழமை மத்தியானம் வெயில் தொட்டியில் இருந்தவை மேலே வந்து தத்தளித்தன. நான் பருத்தித்துறைக் கடற்கரையில் பிறந்தவன், இறாலைக் கண்டால் ஐஸ் தேடுகிற கை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நல்ல காலம், ஆராய்ச்சியில் உம்மோடு கூடநின்ற தங்கச்சி சாந்தி அந்த நேரம் வந்து சேர்ந்தாள்.

"அத்தான், என்ன செய்யிறியள்? உது உயிரோடை இருக்கிற இறால்! சட்டெண்டு குளிர்ந்தாலும் செத்துப்போகும்."

கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேலே தென்னோலைக் கிடுகு போட்டோம். சூடு மிஞ்சினால் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தீராம்.

"சூடு ஏற ஏற உதுகளுக்கு மூச்சுக் கூடுதலாத் தேவை. தண்ணியிலை காத்துக் குறையும். சேத்து வைச்ச சத்தையெல்லாம் உடம்பு எரிச்சுப்போட்டு, பிறகு தசையிலை கை வைக்கும்" என்றாள்.

எனக்கு உம்முடைய கடைசிக் காய்ச்சல் நினைவு வந்தது. காப்பு முழங்கை வரை ஏறும் அளவுக்கு மெலிந்திருந்தீர். "இப்ப என்னை அளந்தா நல்ல முடிவு வரும்" என்று பகிடி விட்டீர். அந்தப் பகிடி எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

சாந்தி வந்த காரியம் வேறு. "அக்காவின்ரை வேலை முடியோணுமெண்டா உதுகளின்ரை தசையையும் ஈரலையும் எடுத்துப் பாக்கோணும், அத்தான். உயிரோடை வைச்சுக்கொண்டு ஏலாது."

வலை வலையாக இறால் அள்ளியவன் நான், ஒருநாளும் யோசித்ததில்லை. ஆனால் இவை உம்முடைய கையால் தின்றவை. தரமாட்டேன் என்றேன். அவள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள்.

நேற்று ஒன்று செத்து மிதந்தது. தானாகச் செத்துக் கிடந்ததில் ஒன்றும் அளக்க முடியாதாம். தென்னைக்கு அடியில் புதைத்தேன். தென்னைக்கு உரமாக்கவா நீர் இவ்வளவு பாடுபட்டீர்? நீர் இருந்திருந்தால் என்னை என்ன பேச்செல்லாம் பேசியிருப்பீர்?

சாந்திக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமையில் உயிர் எடுக்க வேண்டாம் என்று சனிக்கிழமை வரச் சொன்னேன். நானே பிடித்துக் கொடுப்பேன். எனக்கென்று ஒன்றைக்கூட ஒளித்து வைக்க மாட்டேன், சத்தியம்.

உம்முடைய மனுசன்