நீலக் காருக்குப் பழைய அளவுப் புகைக்குழாயை மாட்ட மறுப்பது குறித்து

அனுப்புநர்:
நீல நிறப் பழைய காரின் உரிமையாளர்,
தையற்கடை, மேட்டுச் சாலை அடிவாரம்.

பெறுநர்:
போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: சத்தம் அதிகம் என்று பிடித்து வைக்கப்பட்ட காரை, இப்போதுள்ள புகைக்குழாயுடனேயே திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் காரின் புகைக்குழாயையும் சைலன்சரையும் மாற்றியது உண்மை. இழுவை கூட வேண்டும் என்று தெரிந்தேதான் மாற்றினேன். முன்பைவிடச் சத்தம் கூடியிருப்பதும் உண்மை. இவற்றைத் தங்கள் ஆய்வாளர் காருக்கு அடியில் படுத்துக் கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறார். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். அவர் சட்டையும் அழுக்காகியிருக்காது.

2. மாற்றிய காரணத்தை அவர் கேட்கவில்லை. என் தங்கைக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்காக மேட்டின் உச்சியில் உள்ள மருத்துவமனைக்கு அவளை அழைத்துப் போகிறேன். காரோ பழசு. துருப்பிடித்த குழாயைக் கழற்றி, அதே அளவில் புதிது போட்டும் பார்த்தோம். ஏற்றத்தில் திணறல் தீரவில்லை. ஒருநாள் இரண்டாம் வளைவில் நின்று, பின்னோக்கி உருளத் தொடங்கியது. நான் பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தபோது, "நீ திருப்பிட்டுப் போக்கா, நான் மெதுவா நடந்து போயிடறேன்" என்று அவள் கதவைத் திறந்தாள். வீட்டுப் படி ஏறவே சுவரைப் பிடிப்பவள் அவள். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை மனுவில் எழுதுவது முறையாகாது.

3. அவள் கணவர் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டர். அகலமான குழாயை வளைத்துப் பற்றவைத்து, புகை தடையின்றி வெளியேறும் சைலன்சரையும் பொருத்தினார். அதன்பின் கார் எந்த வளைவிலும் நின்றதில்லை. ஏறும்போது உறுமும், அவ்வளவுதான். "வீட்ல வாயே திறக்காத மனுஷன் செஞ்ச வேலையப் பாரு" என்று தங்கை சிரிப்பாள். அவள் சிரிப்பது இப்போதெல்லாம் அரிது.

4. எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளரின் புகாரின் பேரில் கார் பிடிக்கப்பட்டது. அன்று மழை. ஆய்வாளர் தகரக் கொட்டகையின் ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லிச் சத்தத்தை அளந்தார். அந்தக் கொட்டகைக்குள் என் தையல் மெஷினை ஓட்டினாலும் காது அடைத்துப் போகும்.

5. கார் தங்கள் வளாகத்துக்கு வந்த பிறகு, சென்ற வாரம் ஆய்வாளர் எனக்குத் தொலைபேசினார். "நேத்தும் தெருவுல வண்டிய முறுக்கினீங்களாமே, மேலாளர் மறுபடி புகார் குடுத்திருக்காரு" என்று கடிந்துகொண்டார். "வண்டி உங்க ஜன்னலுக்குக் கீழதான் சார் நிக்குது, எட்டிப் பாருங்க" என்றேன். எட்டிப் பார்த்தார் போலும், இணைப்பைத் துண்டித்துவிட்டார். மேலாளரின் தூக்கத்தைக் கெடுப்பது வேறு யாருடைய வண்டியோ. ஆனாலும் பழைய அளவுக் குழாயை மாட்டினால்தான் சாவி என்று மறுநாளும் சொல்லியனுப்பினார்.

6. இப்போது தங்கை பேருந்தில் போகிறாள். இரண்டாம் வளைவில் உள்ள நிறுத்தத்திலிருந்து மருத்துவமனை வாசல்வரை உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கிறாள். மூச்சு வாங்குவதை நான் பார்த்துவிடக் கூடாதென்று, கைப்பையில் எதையோ தேடுவதுபோல் நிற்கிறாள்.

7. ஆகவே காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, தங்கள் முன்னிலையில் மறுபடி அளக்க வேண்டுகிறேன். அளவு மீறினால் சத்தத்தைக் குறைக்க இன்னொரு சைலன்சர் சேர்க்கத் தயார். குழாயின் அகலத்தைக் குறைக்க மாட்டேன். அதைக் குறைத்தே தீர வேண்டும் என்றால், அந்த உத்தரவில் தாங்களே கையெழுத்திட்டு, இரண்டாம் வளைவில் உட்கார்ந்திருக்கும் என் தங்கையிடம் நேரில் கொடுங்கள். அதை அவளிடம் நான் கொண்டுபோய்க் கொடுப்பதாக இல்லை.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: தையற்கடை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
காரின் உரிமையாளர்