அர்வோவின் படகை ஏரிக்கு இழுத்துப் போனது

மே 11

காலையிலிருந்து மழை. மாலையில் என் மனைவி ஐலியின் அண்ணன் அர்வோ வந்தார். வந்தார் என்பதைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து இறக்கினார் என்று எழுதுவதே சரி. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டாராம். ஓரங்கள் தெரிகின்றன, நேர் எதிரே இருப்பது மங்கல். பிக்கப் டிரக்கை விற்றாயிற்று.

“படகையும் தள்ளிவிட்டுடப் போறேன். டுலூத்காரன் ஒருத்தன் ஜூன் கடைசியில வந்து பாக்கறேங்கறான். இழுக்க ஆளில்லாத படகு எதுக்கு, கோழி அடைக்கவா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மனைவி போன பிறகு இந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் சனிக்கிழமைகூட சானாவை, அந்த நீராவிக் குளியலறையை, சூடாக்கவில்லை. ஏரி ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால்?

ஐலி என்னைப் பார்த்தாள். நான் இழுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாழ்நாளில் காய்ந்த இலைக் குவியலைவிடக் கனமான எதையும் இழுத்ததில்லை.

மே 14

நூலகத்தில் படித்தது. வண்டியின் பின்னால் சதுரக் குழாய் ஒன்று இருக்கிறது. அதில் ஓர் இரும்புத் தண்டைச் செருக வேண்டும். தண்டின் நுனியில் இரும்புக் குண்டு. படகைச் சுமக்கும் டிரெய்லரின் மூக்கில் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு பூட்டு. அது குண்டின் மேல் உட்கார்ந்து கவ்விக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம், இதில்தான் ஏழாயிரம் பவுண்டுப் படகு தொங்குகிறது.

வண்டி, குழாய், தண்டு, குண்டு, எல்லாவற்றுக்கும் தனித்தனியே தாங்கும் எடை உண்டு. அவற்றில் மிகக் குறைந்ததுதான் கணக்கு. இதையேதான் பள்ளியில் வேதியியல் வகுப்பில் வேறு விதமாகக் கற்றுக்கொடுத்தேன்: எந்தப் பொருள் முதலில் தீர்கிறதோ அங்கே வினை நின்றுவிடும். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு இப்போது தூக்கம் வரவில்லை.

மே 15

அர்வோவின் கொட்டகை. அவருடைய தண்டு பிக்கப்போடு போய்விட்டது. பலகையில் தடவி வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். “இந்தாங்க. கண்ண மூடிக்கிட்டே எடுப்பேன் நான்.” குண்டின் தலையில் பெயின்ட்டும் பழைய கிரீஸும் அப்பியிருந்தன.

முதலில் உயரங்களை அளந்தேன். எங்கள் வண்டி உயரம். டிரெய்லர் மட்டமாக நிற்கும்போது அதன் மூக்கு தாழ்வு. ஆகவே தண்டு கீழே வளைந்து இறங்க வேண்டும். அவர் கொடுத்ததோ நேராக இருக்கிறது. அதைப் போட்டால் மூக்கு தூக்கிக்கொள்ளும், பாரம் பின்னால் சாயும், ஓட்டத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

“என்ன மாப்ள, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி மேலயும் கீழயும் பாத்துக்கிட்டே இருக்கீங்க? தாலிய கட்டுங்க.”

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 17

ஒன்றும் செய்யவில்லை.

மே 20

தண்டு நேராக இருப்பதை ஐலியிடம் சொன்னேன்.

“அத அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியதுதான?”

“இருபது வருஷமா இழுக்கறவர் அவர்.”

“இழுத்தவர்,” என்றாள். உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவே இல்லை.

கடைக்குப் போனேன். தண்டு விற்கும் பெண் கேட்ட முதல் கேள்வி, “உங்க டிரெய்லர் கிண்ணம் என்ன அளவு?” தெரியவில்லை. எடையையும் உயரத்தையும் ஒரு வாரம் கட்டிக்கொண்டு அழுதவனுக்கு இது தோன்றவில்லை. மூக்கின் மேலேயே பொறித்திருக்குமாம்.

மே 22

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மூக்கில் பொறித்திருந்ததைத் துரு தின்றுவிட்டது. “மாட்டிப் பாருங்க, தெரிஞ்சிடும்,” என்றார் அர்வோ. அவர் கொடுத்ததையே மாட்டினேன். கிண்ணம் குண்டின் மேல் இறங்கியது. பூட்டை அழுத்தினேன். ‘க்ளிக்.’

“சத்தம் கேட்டுதா? உக்காந்துடுச்சு. கெளம்ப வேண்டியதுதான்.”

கிளம்பியிருக்கலாம். முற்றத்தில் ஒரு சுற்று, பிறகு நெடுஞ்சாலை, பிறகு சில்வர் பே பக்கம் ஏரிக்கு இறங்கும் அந்த மலைச்சாலை. “ஒரு சோதனை பாக்கி இருக்கு மச்சான்,” என்றேன், மன்னிப்புக் கேட்கும் குரலில். டிரெய்லரின் மூக்கிலுள்ள ஜாக்கியைச் சுற்றி அதை உயர்த்த வேண்டும். கிண்ணம் கவ்வியிருந்தால் வண்டியின் பின்புறமும் கூடவே எழும்பும்.

“சுத்துங்க, சுத்துங்க. வாத்தியாருக்குப் பரீட்சை வைக்காம சோறு இறங்காது.”

சுற்றினேன். வண்டி அசையவில்லை. டிரெய்லரின் மூக்கு மட்டும், போட்ட பூட்டு போட்டபடியே, குண்டை விட்டு மெல்ல மேலே போனது.

“வண்டி ஏறுதா?”

அவருக்குத் தெரியவில்லை. அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரே உள்ளதுதான் அவருக்கு இல்லை.

“இல்ல மச்சான்.”

கிட்டே வந்தார். கிண்ணத்துக்கும் குண்டுக்கும் நடுவில் கையை விட்டார். விரல்கள் குண்டைச் சுற்றி வந்தன, கிண்ணத்தின் உள்ளே போயின, மறுபடி குண்டுக்கு வந்தன.

“இது பழைய படகோடது. அந்தச் சின்னதுக்கு உள்ளது.”

டிரெய்லரின் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தார். பிறகு, “நான் பாத்து எடுக்கல,” என்றார். “பாக்க முடியல. அத சொல்லாம உங்க கையில கொடுத்தேன் பாருங்க.”

“தலையில இருக்கற நம்பர் பெயின்ட்ல மறைஞ்சு கெடக்கு மச்சான். யாரு எடுத்தாலும் இதான் ஆகும்.”

பாதிதான் உண்மை. துணியால் துடைத்தபோது எண் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு அங்குலம். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மே 24

அர்வோவையும் கடைக்கு அழைத்துப் போனேன். கீழே இறங்கி வளைந்த தண்டு, பத்தாயிரம் பவுண்டு தாங்குவது. குண்டுகளை அந்தப் பெண் மேசைமேல் வரிசையாக வைத்தாள். அர்வோ ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பெரியதில் கை நின்றது. “இதான்.” இரண்டு அங்குலத்தைவிடக் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான் அதிகம். அதற்குள் இருந்திருக்கிறது எங்கள் இரண்டு உயிரும்.

அவர் வீட்டுக்குத் திரும்பி ஜாக்கியைச் சுற்றினேன். வண்டியின் பின்புறம் எழும்பியது.

“ஏறுது மச்சான்.”

“தெரியுது. ஸ்பிரிங் முனகுது.”

டிரெய்லர் மட்டமாக நின்றது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். வைக்காமல் இருக்க முடியுமா?

ஜூன் 3

பள்ளி மைதானத்தில் பின்னோக்கி ஓட்டப் பழகினேன். அர்வோ பக்கத்தில். “ஸ்டியரிங்க அடியில பிடிங்க. படகு எந்தப் பக்கம் போகணுமோ கையும் அந்தப் பக்கம். மூளைய வீட்லயே விட்டுட்டு வாங்க.” ஒரு குப்பைத்தொட்டி சாய்ந்தது. வேறு சேதமில்லை.

ஜூன் 14

போய் வந்துவிட்டோம்.

வழியில் நிறுத்தி நிறுத்திப் பூட்டைப் பார்த்தேன், சக்கரத்தின் நடுவைத் தொட்டுச் சூடு பார்த்தேன். “இன்னொரு தடவை நிறுத்தினா நான் எறங்கி நடக்கறேன்,” என்றார். ஆனால் மலைச்சாலையின் உச்சியில் அவரே, “மாப்ள, ஓரங்கட்டி ஒரு தடவை பாத்துடுங்க,” என்றார். பார்த்தேன். கெட்டியாக இருந்தது.

இறங்கும்போது கண்ணாடியில் படகு, எங்கே வைத்தேனோ அங்கேயே. கீழே ஏரி தெரிந்ததும் நான் விட்ட மூச்சு எனக்கே கேட்டது.

படகைத் தண்ணீரில் இறக்கினோம். திசையை நான் சொன்னேன், தூண்டில் நூலை அவர் விரலில் வைத்திருந்தார். ஏரி ட்ரவுட் மீன்கள் மூன்று. இரண்டு அவருடையவை. மூன்றாவதும் அவருடையதுதான் என்கிறார்.

ஜூன் 28

டுலூத்காரர் வழி கேட்டுப் போன் செய்தாராம். “படகு இங்க இல்ல, மாப்ளைகிட்ட இருக்கு. அவரு கொடுக்க மாட்டாரு,” என்று சொல்லி அர்வோ வைத்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

படகு எங்கள் வாசல் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஐலியின் கார் தெருவில்.