ஐந்தருவியில் பேசி முடித்த வெளிநடப்பு

ஏட்டி,

அடுத்த மன்றக் கூட்டத்துக்கான அஜெண்டா இன்று காலையில் என் மேசைக்கு வந்தது. ஜெராக்ஸ் சூடு ஆறாத கட்டு. எண்ணிப் பார்த்தால் ஒரு பிரதி கூடுதல். உன் வார்டு காலி என்று அலுவலகத்துக்குத் தெரியும், மேலே எழுதியும் அனுப்பிவிட்டார்கள். ஜெராக்ஸ் எடுப்பவருக்குக் கை பழைய எண்ணிக்கையிலேயே போகிறது போல. உன் பிரதியை உருவி வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். செயல் அலுவலர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சேர்மன் ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்திருப்பார். நான் என்றைக்கு யோசித்து ஒன்றைச் செய்தேன், உனக்குத் தெரியாதா?

ஊருக்கு நாம் எதிரிகள். நான் ஒரு கட்சியின் சேர்மன், நீ எதிர்க்கட்சிக் கவுன்சிலர். தென்காசிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தோம் என்பது இந்தப் பேரூராட்சியில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு பேருமே கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர்கள்தானே. மன்றத்தில் நீ எழுந்தால் "மாண்புமிகு தலைவர் அவர்களே" என்றுதான் தொடங்குவாய். அந்த 'மாண்புமிகு'வில் நீ கொடுக்கிற அழுத்தத்தைக் கேட்டே நிருபர்கள் பேனாவைத் திறப்பார்கள். வெளியே, யாருமில்லாத இடத்தில், நான் உனக்கு 'ஏட்டி', நீ எனக்கு 'ஏட்டி'.

நான் சேர்மனான கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். சேர்மன் இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிற மனிதர், அந்த நாற்காலியைப் பத்து வருஷமாகக் கனவு கண்டவர். அவர் நிற்க முடியாது என்றானதும் வீட்டில் இருந்த என்னை நிறுத்தினார். ஜெயித்த மறுநாள் அவர் துணைத் தலைவர். எனக்கு மாலை போட்டவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தே கும்பிட்டார்கள்.

கூட்டத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை என் அறையில் அஜெண்டா தயாராகும். நான் பெரிய நாற்காலியில். அத்தான் எதிரே. செயல் அலுவலர் ஒவ்வொரு பொருளாக வாசிப்பார். அத்தான் "இருக்கட்டும்" என்பார், இல்லாவிட்டால் "அடுத்த மாசம் பாப்போம்" என்பார். ஊருக்கு எது முதல், எது கடைசி என்பது இந்த இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். சீசன் நெருங்கினால் குற்றாலத்துக்குப் போகிற ரோட்டுக்குத்தான் எல்லாமும். லைட்டு, வரவேற்பு வளைவு, சுவருக்குப் பெயின்ட். "ரோட்டுல போறவன் கண்ணுல படுதத மொதல்ல செய்யணும். தெருவுக்குள்ள இருக்கவன் எங்க போயிருவான்?" என்பார். நான் "சரி அத்தான்" என்பேன். அந்த அறையில் எனக்கு வாய்த்த வசனம் அது ஒன்றுதான்.

மன்றத்தில் அத்தான் வாயே திறக்க மாட்டார். பேச வேண்டியதெல்லாம் செவ்வாய்க்கிழமையே பேசி முடித்தாயிற்றே. எங்கள் கவுன்சிலர்கள் டீயும் வடையும் சாப்பிடுவார்கள். நீங்கள் கத்துவீர்கள். எப்போதாவது வெளிநடப்பு செய்வீர்கள். நீங்கள் வெளியே போனதும் எங்கள் ஆட்கள் மேசையைத் தட்டி "ஆல் பாஸ்" என்பார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் ஊர் நடந்துகொண்டிருந்தது.

முதல் வருஷச் சாரலில் ஒரு நாள் ஐந்தருவிக்குத் தனியாகக் குளிக்கப் போனேன். பெண்கள் பக்கம், தண்ணீருக்கு அடியில் நின்று நன்றாக அழுதேன். பக்கத்தில் நின்றவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். நீ. "அழுதா இங்கன வந்து அழு, ஒரு பயலுக்கும் தெரியாது!" என்று என் காதுக்குள் கத்தினாய். அன்றைக்கு நெசவுத் தெருவில் சாக்கடை ஓட வாறுகால் கட்டுவதை அத்தான் மூன்றாவது தடவையாக அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருந்தார். சொன்னேன். நீ தலையைத் தண்ணீருக்குள் கொடுத்து, வெளியே எடுத்து, கத்தினாய். "நீ ஆசப்பட்டத நீ கேக்காத! நான் கேக்கேன்! நீ மாட்டேன்னு சொல்லு! நான் தரையில உக்காருதேன்! பேப்பர்ல போட்டோ வரும்! பொறவு ஒன் அத்தானே செஞ்சு தொலைங்கன்னு சொல்லுவாரு!"

அப்படியே சொன்னார். வாறுகால் கட்டினோம்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை என் அறையிலும், வியாழக்கிழமை அருவியிலும் அஜெண்டா தயாரானது. எந்தக் கட்சிக்காரனும் பெண்கள் பக்கம் வர முடியாது. நாம் பேசுவது பக்கத்தில் குளிப்பவளுக்கே கேட்காது. நான் "நாலாம் நம்பர்!" என்பேன். நீ "அத விட்டுரு! ஏழுல நான் வெளிய போயிருதேன்!" என்பாய். தண்ணீர் இல்லாத மாதங்களில் வேறு வேறு பஸ் பிடித்துப் புளியறைக்குப் போய், லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடையில் கட்டன் சாயா குடித்துக்கொண்டு உன் வெளிநடப்பை முடிவு செய்வோம். உன் கட்சிக்குத் தெரிந்தால் உன்னைத் துரத்தியிருப்பார்கள். அத்தானுக்குத் தெரிந்தால் என் கதி வீட்டிலேயே முடிந்திருக்கும். இரண்டு பேர் கழுத்தும் ஒரே கயிற்றில் இருந்தது. ஆனாலும், சொல்லட்டுமா, என் வாழ்க்கையில் நான் சேர்மனாக இருந்தது அந்த வியாழக்கிழமைகளில் மட்டும்தான்.

தூய்மைப் பணியாளர் பேச்சியம்மாள் கேட்ட அறையைப் பற்றி நீதான் முதலில் பேச்செடுத்தாய். நம் தூய்மைப் பணியாளர்களில் பாதிப்பேர் ஆய்க்குடிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். சீசனில் அருவிக்கு வந்தவர்கள் ரோடு முழுக்க விட்டுப்போன சாப்பாட்டுப் பொட்டலத்தையும் ஈரத்துணியையும் அள்ளி முடித்து, அதே சேலையோடு வீட்டுக்குப் பஸ் ஏற வேண்டும். பேச்சியம்மாள் என்னிடம் மனு கொடுத்த அன்று நீயும் வாசலில் நின்றாய், என்னைத் தெரியாதவள் போல. "பஸ்ல ஏறுனா பக்கத்து சீட்டுக்காரி மூக்கப் பொத்திக்கிட்டு எந்திரிச்சிருதா, சேர்மனம்மா. குளிச்சு சேலை மாத்த ஒரு மறப்பு இருந்தா போதும். கதவுக்கு உள்ள கொண்டி போடுத மாரி" என்றாள். மனுவை வாங்கிக்கொண்டு "பார்க்கலாம்" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

இடம் இருந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் பேரூராட்சிக்குச் சொந்தமான மூலை. ஆனால் அத்தானுக்கு வேண்டியவர் ஒருவர் அங்கே சீசனுக்கு வண்டி நிறுத்தம் நடத்தக் கேட்டுக்கொண்டிருந்தார். நீ நிருபர்களைக் கூட்டிவந்து பேச்சியம்மாளை மன்ற வாசலில் நிறுத்தி ஒரு ஆட்டம் ஆடினாயே, அதன் பிறகுதான் அத்தான் இறங்கி வந்தார். "வை. ஆனா 'நிதி நிலைமைக்கேற்ப'ன்னு ஒரு வார்த்த சேத்துக்கோ" என்றார் செயல் அலுவலரிடம். அந்த வார்த்தையோடு நிறைவேறிய எதுவும் நம் ஊரில் தரையிலிருந்து எழுந்ததில்லை.

அந்த வியாழக்கிழமை அருவியில் தண்ணீர் அதிகம். நீ என் தலைமயிரைப் பிடித்து இழுத்துவைத்துச் சொன்னாய். "அந்த வார்த்தய அடிச்சிரு! மொதப் பொருளா வை! வடை தின்னுட்டு இருக்கும்போதே வாசிச்சிரு! ஒடனே நான் லைட்டு விசயத்துல சண்டையப் போட்டு வெளிய போயிருதேன்! ஒங்க ஆளுக பழக்க தோசத்துல தட்டிருவானுக!" அத்தான் திருநெல்வேலிக்குப் போயிருந்த நாளில் செயல் அலுவலரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அந்த வார்த்தையை அடித்துக் கொடுத்தார். அத்தான் செவ்வாய்க்குப் பிறகு அஜெண்டாவைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் கிடையாது.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் நீ செத்துப்போனாய். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே. எனக்குச் சொன்னது அத்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஒன்ன ஆட்டிப்படச்சவ போயிட்டா" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எதிரிக்கு எவ்வளவு வருத்தம் வரலாமோ அவ்வளவுதான் முகத்தில் காட்ட முடியும். உன் வீட்டுக்கு அத்தானோடு போய், மன்றத்தின் மாலையை உன் மகள் கையில் கொடுத்துவிட்டு, கால்மணி நேரத்தில் திரும்பினோம். உன்னைத் தொடக்கூட இல்லையட்டி நான்.

கூட்டத்துக்கு முதல் நாள் அத்தான் என் அறைக்கு வந்தார். "நாளைக்கு இரங்கல் தீர்மானத்தப் போட்டு கூட்டத்த ஒத்திவச்சிருவோம். உறுப்பினர் செத்தா அதான் மொற. அடுத்த கூட்டத்த சீசன் முடிஞ்சு வச்சிக்கிடலாம்" என்றார். கையில் ஒரு கோப்பு. அந்த மூலையில் வண்டி நிறுத்தத்துக்குத் தலைவரின் முன் அனுமதி. மன்றம் கூடாத நாட்களில் அவசரம் என்றால் நான் கையெழுத்துப் போடலாம், மன்றம் பிறகு ஒப்புக்கொண்டால் போதும். "கூட்டம் முடிஞ்சதும் போட்டுரு" என்று மேசையில் வைத்தார். சரி அத்தான் என்றேன். என் வாய்தான் சொன்னது.

அன்று முழுக்க எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. ஒத்திவைத்தால் அந்த மூலை போய்விடும், பேச்சியம்மாள் இன்னொரு சீசன் நாற்றத்தோடு பஸ் ஏறுவாள். ஒத்திவைக்காவிட்டால் செத்தவளுக்கு ஒரு நாள் மரியாதைகூடக் கொடுக்காத பாதகத்தி நான். உன் சாவே உன் பொருளுக்குக் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. யாரிடம் கேட்பது? கேட்கிற ஒருத்தியும் நீதான். உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கூட்டம் தொடங்கியது. துக்கம் என்பதால் அன்று வடை இல்லை. அதனால் எல்லாரும் கவனமாக இருந்தார்கள், பார்த்துக்கொள். இரங்கல் தீர்மானத்தை வாசித்தேன். இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். உன் நாற்காலியில் யாரோ ரோஜா மாலை போட்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் உங்கள் கட்சித் தலைவர் எழுந்து, மறைந்த உறுப்பினருக்கு மரியாதையாகக் கூட்டத்தை ஒத்திவைக்கக் கேட்டுக்கொண்டார். அத்தான் தலையை ஆட்டினார். இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் தண்ணீர் குடித்தேன். பிறகு "பொருள் எண் ஒன்று" என்றேன்.

என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது. வாசித்துக்கொண்டே போனேன். சர்வே எண், சதுர அடி, குளியலறை, உடை மாற்றும் அறை. உங்கள் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். "அவ மேல போட்ட மண்ணு இன்னும் காயல, ஒங்களுக்குப் பொருள் ஒண்ணு கேக்குதோ?" என்று உங்கள் தலைவர் மேசையில் அறைந்தார். அவர் கண்ணில் நிஜமான தண்ணீர். "நீங்கல்லாம் ஒரு பொம்பளயா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். எல்லாரும் பின்னால் போனார்கள். அத்தான் என்னையே பார்த்தார். பேச வேண்டிய இடம் அவருக்கு என் அறைதான், இந்த மன்றத்தில் எழுந்து எப்படிப் பேசுவது என்று அவருக்குப் பழக்கமே இல்லை. அதற்குள் எதிர்க்கட்சி வெளியே போய்விட்டது என்ற ஒன்றை மட்டும் கண்ட எங்கள் ஆட்கள், என்ன பொருள் என்று தெரியாமலே, மேசையைத் தட்டினார்கள். "ஆல் பாஸ்." தீர்மானப் புத்தகத்தில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். வண்டி நிறுத்தக் கோப்பு மேசையிலேயே செத்தது.

அன்றிலிருந்து அத்தான் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. என் கணவர் வழியாகத்தான் வருகிறது. "அண்ணன் ரொம்பச் சங்கடப்படுதாவ" என்பார் அவர், சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு. இப்போது அஜெண்டா அத்தான் வீட்டிலேயே தயாராகி, எனக்கு ஜெராக்ஸாக வருகிறது. செவ்வாய்க்கிழமையும் போயிற்று, வியாழக்கிழமையும் போயிற்று. ஊரில் எனக்கு ஒரு பேரும் வந்துவிட்டது. பிணத்தைத் தாண்டிப் போனவள்.

போன வாரம் அறையைத் திறந்தோம். சின்னக் கட்டடம்தான். உள்ளே கொண்டி இருக்கிறது, இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். பேச்சியம்மாள் உன் மகளைக் கூப்பிட்டிருந்தாள். எனக்குத் தெரியாது. கல்வெட்டில் சேர்மன் என்று என் பேர், துணைத் தலைவர் என்று அத்தான் பேர். உன் மகள் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"எங்கம்மாவுக்கு ரெண்டு நிமிசம் போதும்னு நெனச்சிட்டீங்கல்லா?"

எல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது. அருவி, புளியறை, நீ என் தலைமயிரைப் பிடித்து இழுத்தது, எல்லாம். சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை என்னை மன்னித்திருக்கும். ஆனால் அவள் வீட்டுச் சுவரில் மாலையோடு இருக்கிற அம்மா, எதிர்க்கட்சிச் சேர்மனோடு பேசிவைத்து வெளிநடப்பு செய்தவளாக ஆகியிருப்பாள். உன் கட்சிக்காரர்கள் அந்தப் படத்தின் முன்னால் இனி நிற்கமாட்டார்கள். மகளுக்கு ஒரு அம்மாதானே. அவளிடமிருந்து அதை எடுக்க நான் யார்?

"ஆமா" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நடை அப்படியே உன் நடை. ஊர் பார்க்க நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட சண்டையட்டி அது. இனி என் காலம் முடியும்வரை நான் ஒருத்தியே போட வேண்டும்.